தெங்கோ, தியெனெஸ், தியெனே

ஸ்பானிய மொழி சொல்லிக்கொடுக்க உட்காரும்போது நான் முதலில் எடுக்கும் வினை ‘தெனேர்’. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ‘ஸெர்’, ‘எஸ்தார்’ என்ற இரண்டு ‘இரு’ வினைகளில்தான் தொடங்கும். அவற்றுக்குப் பிறகு வரலாம், அவசரமில்லை. தெனேர் வாயில் வந்துவிட்டால் ஒருவர் முதல் நாளே தன் வயதைச் சொல்லலாம். பசி, தாகம், தூக்கம் சொல்லலாம். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், இன்றைக்குள் முடிக்கவேண்டிய வேலை என்ன என்பதையும் சொல்லிவிடலாம். வயிறு, குடும்பம், கடமை மூன்றுக்கும் ஒரே வினை. இப்படி ஒரு வினையை விட்டுவிட்டு வேறெதில் தொடங்குவது?

அகராதியைப் புரட்டினால் வைத்திருத்தல், உடைமையாகக் கொண்டிருத்தல் என்று பொருள் இருக்கும். மாணவர்கள் அதற்கு நேரே ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ என்று குறித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகப் பார்ப்பார்கள். நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். தமிழ் தெரிந்தவர் இந்த வினைக்கு ஆங்கிலத்தின் வழியாகப் போகவேண்டியதில்லை. போனால் வழியில் பாதியைத் தொலைத்துவிடுவார். தெனேர் செய்கிற வேலைகள் ஒவ்வொன்றையும் தமிழ் தன் போக்கில், வெவ்வேறு வினைகளைக் கொண்டு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. எந்த வேலைக்கு எந்தத் தமிழ் வினை என்று இணைத்துக் காட்டுவதுதான் என் தொழில் என்று நினைக்கிறேன்.

லத்தீனில் ‘தெனேரே’ என்றால் பிடித்திருத்தல். கையில் ஒரு பொருளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. உடைமையைச் சொல்ல லத்தீனுக்கு ‘ஹபேரே’ என்ற வேறு வினை இருந்தது. அது ஸ்பானியத்தில் ‘ஆபேர்’ ஆயிற்று. ‘ஸித்’ என்ற வீரனைப் பாடும் பழைய காஸ்தீலியக் காவியத்தின் காலத்தில் சொத்து, படை, புகழ் எல்லாவற்றையும் ஆபேர் கொண்டே சொல்லலாம். தெனேர் மெல்ல மெல்ல அந்த இடத்துக்குள் நுழைந்தது. 1492இல் அந்தோனியோ தெ நெப்ரிஹா காஸ்தீலிய மொழிக்கு இலக்கணம் எழுதி வெளியிட்டார். அதன்பின் ஒரு தலைமுறை கழித்து, 1535ஐ ஒட்டி, ஹுவான் தெ வால்தேஸ் நேப்பிள்ஸ் நகரில் இருந்துகொண்டு தன் தாய்மொழியைப் பற்றி ஓர் உரையாடல் நூல் எழுதினார். தெனேர் வரவேண்டிய இடத்தில் ஆபேரை வைப்பது பழைய வழக்கு என்று அதில் அவரே குறிப்பிடுகிறார். இன்று ஆபேர் துணைவினையாகவும், ‘உண்டு’ என்று பொருள்படும் ‘ஐ’ என்ற சிறு சொல்லாகவும் ஒதுங்கிவிட்டது. உடைமை முழுக்கத் தெனேரிடம் வந்து சேர்ந்தது.

தமிழில் நடந்தது வேறு. உடையேன், உடையாய், உடையான் என்று இடமும் பாலும் காட்டும் குறிப்புவினை பழந்தமிழில் செழிப்பாக இருந்தது. இன்று பேச்சில் அது இல்லை. ‘என்னிடம் கார் இருக்கிறது’, ‘எனக்கு இரண்டு தங்கைகள்’ என்றுதான் சொல்கிறோம். பொருள் என்றால் ‘இடம்’, உறவு என்றால் ‘கு’. இரண்டு வேற்றுமைகள் செய்யும் வேலையை ஸ்பானியர்கள் ஒரே வினையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே பிடிபடுகிறது. ‘ஹேவ்’ என்று சொன்னால் பிடிபட்டது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். யாரும் சொல்லாத ஒரு நற்செய்தி தமிழர்களுக்கு இங்கே இருக்கிறது. ‘தெனேர்’ என்பதன் முதல் ஒலி ஆங்கிலத்தின் ‘ட’ அல்ல. நம் ‘த’வேதான், நாக்கு பல்லைத் தொடுகிறது, மூச்சு வெடிப்பதில்லை. ‘தெங்கோ’வில் வரும் ‘ங்கோ’ நாம் ‘எங்கோ’ என்று சொல்லும்போது வருவதேதான். ‘தெனீதோ’ என்ற எச்சத்தில் உயிர்களுக்கு நடுவே வரும் ‘தோ’ நம் ‘இதோ’வில் இருக்கும் அதே நெகிழ்ந்த ஒலி. இறந்தகாலத்தின் ‘துபே’யில் வரும் ‘பே’ நம் ‘கோபம்’ என்ற சொல்லின் நடுவில் இருக்கும் ‘ப’வை ஒத்தது. மெல்லினத்தை அடுத்து வந்தால் அழுத்தம், இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால் நெகிழ்ச்சி என்று நாம் எழுத்தை மாற்றாமலேயே நாக்கை மாற்றுகிறோம். ஸ்பானியமும் த, க, ப ஒலிகளை ஏறத்தாழ அப்படியே நடத்துகிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துப் பெறுவதை நாம் கையோடு கொண்டுவருகிறோம். வகுப்பில் நான் ரோமன் எழுத்தோடு நிறுத்தாமல் பலகையில் தமிழிலும் எழுதிப்போடுவது இதற்காகத்தான்.

நமக்குச் சிரமம் வேறு இடத்தில், அசையழுத்தத்தில். தமிழில் எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் பொருள் பெரிதாக மாறாது. ஸ்பானியத்தில் வினையின் உருவத்தையே அழுத்தம்தான் தீர்மானிக்கிறது. நிகழ்காலத்தை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: தெங்கோ, தியெனெஸ், தியெனே, தெனேமோஸ், தெனேயிஸ், தியெனென். நான், நீ, அவன் அல்லது அவள், நாம், நீங்கள், அவர்கள். ‘தெ’ ஏன் சில இடங்களில் ‘தியெ’ ஆகிறது? வேரின் மேல் அழுத்தம் விழுந்தால் லத்தீனின் குறில் ‘எ’ உடைந்து ‘இயெ’ ஆகிவிடும். அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிட்டால் வேர் பழையபடியே நிற்கும். தெனேமோஸ் என்பதில் ‘னே’ ஓங்குகிறது, அதனால் வேர் உடையவில்லை. இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் அட்டவணையை மனப்பாடம் செய்யும் பாரம் பாதி குறையும். இதற்கு நல்ல சான்று அர்ஜென்டினாவில் கிடைக்கிறது. அங்கே ‘நீ’ என்பதற்கு ‘தூ’ என்று சொல்லமாட்டார்கள், ‘வோஸ்’ என்பார்கள். அதற்கான வினைவடிவம் ‘தெனேஸ்’, அழுத்தம் கடைசியில். அழுத்தம் நகர்ந்ததும் ‘இயெ’யும் போய்விட்டது பாருங்கள். புவனோஸ் அய்ரெஸில் தியெனெஸ் என்றாலும் புரியும். ஆனால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். தெனேயிஸ் என்பது ஸ்பெயினில் மட்டும் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. அட்லாண்டிக்கைத் தாண்டினால் ‘உஸ்தேதெஸ் தியெனென்’தான்.

இதில் தெங்கோ மட்டும் தனி வழி. அதற்கு இந்தக் காரணம் பொருந்தாது. ஒரு ‘க’ வந்து ஒட்டிக்கொண்டு வேரைக் காப்பாற்றிவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் எழுவாயைச் சொல்லத் தேவையில்லை. ‘வந்தேன்’ என்றால் யார் வந்தது என்று நாம் கேட்பதில்லை அல்லவா? ஆனால் ஆங்கிலம் படித்த பழக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ‘யோ’ (நான்) போடுகிறார்கள். ‘யோ தெங்கோ, யோ தெங்கோ’ என்று சொல்லிக்கொண்டே போனால் ஸ்பானியர் காதுக்கு ‘நானாக்கும், நானாக்கும்’ என்று மார்தட்டுவது போல இருக்கும். ‘தமிழில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே விட்டுவிடுங்கள்’ என்பேன். மரியாதை வடிவமும் அப்படித்தான். ‘உஸ்தெத்’ என்பது ‘வுவெஸ்த்ரா மெர்ஸெத்’, அதாவது ‘தங்கள் கருணை’ என்ற விளியின் தேய்ந்த உருவம். அதனால்தான் எதிரே நிற்பவரிடமே படர்க்கை வினையில் ‘தியெனே’ என்கிறார்கள். கடைக்காரர் நம்மைப் பார்த்தே ‘ஐயாவுக்கு என்ன வேணும்?’ என்று கேட்பதில்லையா?

இனிப் பசிக்கு வருவோம். தமிழில் பசி எனக்கு வருகிறது. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. நான் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்க, பசியும் குளிரும் பயமும் முன்னால் வந்து ஆடுகின்றன. ஸ்பானியத்தில் நான்தான் எழுவாய். ‘தெங்கோ ஆம்ப்ரே’, ‘தெங்கோ ஃப்ரீயோ’, ‘தெங்கோ மியேதோ’. பசியைப் பிடித்திருக்கிறேன், குளிரை, பயத்தைப் பிடித்திருக்கிறேன். தமிழனுக்கு இங்கே மனத்துக்குள்ளேயே ஒரு வேற்றுமை உருபு மாறவேண்டும்: ‘எனக்கு’ ‘நான்’ ஆகவேண்டும். இதை வாய் பழகும்வரை விடமாட்டேன். வயதும் இப்படித்தான். ‘எனக்கு இருபது வயது’ என்பது ‘இருபது ஆண்டுகளைக் கொண்டிருக்கிறேன்’ ஆகிறது. ஆம்ப்ரே, மியேதோ எல்லாம் பெயர்ச்சொற்கள் என்பதும் முக்கியம். ‘ரொம்ப’ என்று சேர்க்கும்போது ‘முய்’ வராது, பெயரின் பாலுக்கேற்ப ‘மூச்சோ’ அல்லது ‘மூச்சா’தான் வரும்: ‘தெங்கோ மூச்சா ஆம்ப்ரே’. சரியாகப் பேசுகிறவர்கள்கூட சிலசமயம் ‘நான் சொல்வதுதான் சரி’ என்பதற்குத் தெனேர் வரும் என்பதை மறந்துவிடுவார்கள். ‘தெங்கோ ராஸோன்’, நியாயம் என் கையில். அழுகிற குழந்தையிடம் ஸ்பானியத் தாய் ‘கே தியெனெஸ்?’ என்று கேட்பாள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘உன்னிடம் என்ன இருக்கிறது?’, உண்மையில் ‘என்னடா ஆச்சு உனக்கு?’

நான் மிகவும் நேசிக்கும் இடம் இறந்தகாலம். ஸ்பானியத்துக்கு இறந்தகாலம் இரண்டு. துபே, துபிஸ்தே, துபோ என்று போவது ஒன்று; தெனீயா, தெனீயாஸ், தெனீயா என்று போவது மற்றொன்று. முதலாவதன் உருவத்துக்கே ஒரு கதை இருக்கிறது. லத்தீன் வடிவம் தன் போக்கில் வந்திருந்தால் அந்தப் ‘பே’ வந்திருக்காது. கூட்டாளியான ஆபேரின் இறந்தகாலம் ‘ஓபே’ என்று இருந்தது, தெனேர் அதைப் பார்த்து ‘தோபே’ ஆயிற்று. பிறகு இரண்டும் சேர்ந்தே ஊபே, துபே என்று மாறின. எஸ்தார் ‘எஸ்துபே’ என்றும், நடத்தலைக் குறிக்கும் அந்தார் ‘அந்துபே’ என்றும் வருவது இதே சகவாசத்தால்தான். ஒன்றைக் கற்றால் மற்றதெல்லாம் கூடவே வந்துவிடும்.

இரண்டில் எது எங்கே வரும் என்பதைத் தெளிவாகப் பேசியவர் கராகஸில் 1781இல் பிறந்து சிலே நாட்டில் வாழ்ந்த அந்த்ரேஸ் பெய்யோ. அமெரிக்க நாட்டவர்களுக்கென்று 1847இல் அவர் வெளியிட்ட காஸ்தீலிய இலக்கணத்தில் ‘தெனீயா’ வகைக்கு ‘கோ-ப்ரெதேரிதோ’ என்று பெயர் வைத்தார். உடன்நிகழ் இறந்தகாலம் என்று சொல்லலாம். கடந்துபோன இன்னொரு நிகழ்வோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள். ‘முற்றுப்பெறாத இறந்தகாலம்’ என்று புத்தகங்கள் சொல்லும் பெயரைவிட இது எவ்வளவோ மேல். மெக்சிகோவின் பள்ளிகளில் பெய்யோவின் பெயர் இன்றும் புழங்குகிறது.

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்ப்போம். ‘தெனேர்’ என்பதோடு ‘கே’ சேர்ந்து ஒரு வினை வந்தால் கடமை. ‘தெங்கோ கே இர்’ என்றால் நான் போகவேண்டும். இதை இறந்தகாலத்துக்கு மாற்றினால் இரண்டு வாக்கியங்கள் கிடைக்கும்.

‘தெனீயா கே இர் அல் பான்கோ.’

‘துபே கே இர் அல் பான்கோ.’

இரண்டுக்கும் ஆங்கிலம் வழக்கமாக ஒரே வாக்கியத்தைத்தான் தரும். வங்கிக்குப் போகவேண்டிய கட்டாயம் இருந்தது, அவ்வளவு. தமிழில் முதல் வாக்கியம் ‘வங்கிக்குப் போகவேண்டியிருந்தது’. போனாரா, இல்லையா? தெரியாது. ‘வங்கிக்குப் போகவேண்டியிருந்தது, ஆனால் மழை பிடித்துக்கொண்டது’ என்று தொடர இடமிருக்கிறது. இரண்டாவது ‘வங்கிக்குப் போகவேண்டியதாயிற்று’. இதில் போய்விட்டார். ‘போகவேண்டியதாயிற்று, ஆனால் போகவில்லை’ என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். ‘துபே கே’ என்று சொல்லிவிட்டுப் போகவில்லை என்று எந்த ஸ்பானியரும் சாதாரணமாகச் சொல்லமாட்டார். ‘இருந்தது’, ‘ஆயிற்று’ என்ற இரண்டு முடிபுகளில் நம் மொழி வைத்திருக்கும் வேறுபாடு தெனீயா, துபே என்ற இரண்டு வடிவங்களில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இதைப் பலகையில் எழுதி முடித்ததும் வகுப்பில் யாராவது ஒருவர் ‘இது நமக்குத் தெரிஞ்சதுதானே சார்!’ என்று சொல்லிவிடுவார். அந்த வார்த்தைக்காகவே இந்தப் பாடத்தை ஒவ்வொரு முறையும் ஆவலோடு எடுக்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றிய வாக்கியமும் அப்படித்தான். ‘லா அபுவேலா தெனீயா ஸெயிஸ் ஈஹோஸ்’ என்றால் அந்தக் காலத்தில் பாட்டிக்கு ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். ‘துபோ ஸெயிஸ் ஈஹோஸ்’ என்றால் பாட்டி ஆறு பிள்ளை பெற்றாள். ஒன்று நிலை, மற்றது நிகழ்வு. ‘துபே ஊனா இதேயா’ என்றால் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வயதுக்கு மட்டும் பெரும்பாலும் தெனீயாதான். பத்து வயதாக இருந்தபோது என்று தொடங்கும் எந்தக் கதையும் அதில்தான் தொடங்கும்.

எதிர்காலத்துக்கு வந்தால் ‘தெந்த்ரே’. இந்தத் ‘த்’ எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களை ‘நின்றான்’ என்று நிறுத்தி வாசிக்கச் சொல்வேன். ன-வுக்கும் ற-வுக்கும் நடுவே எழுத்தில் இல்லாத ஒரு ஒலி நாக்கில் முளைக்கிறது. ஸ்பானிய எதிர்காலம் பிறந்ததே முழுவினைப் பெயரோடு ஆபேரின் வடிவத்தை ஒட்டித்தான்: தெனேர் + எ. நடுவில் உயிர் தேய்ந்து ன-வும் ர-வும் முட்டிக்கொண்டபோது ஒரு ‘த்’ முளைத்தது. நாம் முளைத்ததை எழுதவில்லை, அவர்கள் எழுதிவிட்டார்கள். கொஞ்ச காலம் ‘தெர்னே’ என்று எழுத்து இடம் மாறிய வடிவமும் போட்டிக்கு இருந்தது; நிலைத்தது தெந்த்ரே.

பயன்பாட்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு. வழியில் பார்த்த ஒருவரைப் பற்றி ‘முப்பது வயசு இருக்கும்’ என்கிறோம். ‘இருக்கும்’ எதிர்காலம்தான், ஆனால் அது ஊகம். ‘தெந்த்ரா த்ரெயின்தா ஆன்யோஸ்’ என்பதும் அதே ஊகம், அதே எதிர்காலம். ‘அப்போது முப்பது வயது இருந்திருக்கும்’ என்றால் ‘தெந்த்ரீயா’. இதற்கு மேல் விளக்கமே தேவைப்படுவதில்லை.

விருப்பத்தையும் நிச்சயமில்லாததையும் சொல்ல வரும், எல்லோரும் அஞ்சும் ‘ஸுப்ஹுன்தீவோ’ என்ற வினைவகையைப் பற்றி இங்கே முழுதாகச் சொல்ல இடமில்லை. தெங்கா, தெங்காஸ், தெங்கா, தெங்காமோஸ் என்று வடிவங்கள் சுலபம். ‘கே தெங்காஸ் ஸுவெர்தே’, உனக்கு நல்ல காலம் வாய்க்கட்டும். நம் வியங்கோளின் இடம் அது. இன்னொரு பயன்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். மாத்ரித்தில் வீடு தேடுபவர் ‘பூஸ்கோ உன் பீஸோ கே தெங்கா பால்கோன்’ என்பார், பால்கனி உள்ள வீடாக ஒன்று வேண்டும் என்று. அந்த வீடு இன்னும் அவர் மனத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதனால் தெங்கா. பார்த்துவைத்த வீட்டைச் சொல்லும்போது அது தியெனே ஆகிவிடும். கண்டதற்கு ஒரு வடிவம், காணாததற்கு ஒரு வடிவம்.

தேர்ந்த மாணவர்களுக்குக் கடைசியாக ஒன்று வைத்திருப்பேன். ‘எ எஸ்க்ரீதோ த்ரெஸ் கார்தாஸ்’ என்றால் மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ‘தெங்கோ எஸ்க்ரீதாஸ் த்ரெஸ் கார்தாஸ்’ என்றால் மூன்று கடிதங்கள் எழுதி வைத்திருக்கிறேன். எழுதியாயிற்று, மேசை மேல் தயாராக இருக்கின்றன, தபாலில் போடுவதுதான் பாக்கி. ‘எழுதியிருக்கிறேன்’, ‘எழுதி வைத்திருக்கிறேன்’ இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவோ அவ்வளவுதான் இவற்றுக்கும். தெனேரோடு வரும்போது எச்சம் கடிதங்களோடு பாலும் எண்ணும் ஒத்து ‘எஸ்க்ரீதாஸ்’ ஆகிறது, ஏனென்றால் என் பிடியில் இருப்பவை அந்தக் கடிதங்கள். லத்தீனின் பழைய ‘பிடி’ இன்னும் இந்த அமைப்புக்குள் உயிரோடு இருக்கிறது.

அதைவிடக் கண்கூடாக அது இருப்பது சந்தையில். மீன்காரர் பொட்டலத்தைக் கட்டி நீட்டும்போது ‘தெங்கா’ என்பார். தெரிந்த பையனாக இருந்தால் ‘தென்’. ‘இந்தாங்க’, ‘இந்தா, பிடி’. உடைமை என்ற பொருளை வைத்துக்கொண்டு இந்தச் சொல்லைக் கேட்டால் ஒன்றும் விளங்காது.

வடிவங்கள் எல்லாம் படிந்த பிறகு ஒரு ஸ்பானிய நாளிதழைக் கையில் கொடுப்பேன். காவல்துறை ஒருவரைப் பிடித்தது: ‘தெதுபோ’. கட்சி ஓட்டுகள் பெற்றது: ‘ஒப்துபோ’. அமைச்சர் தன் நிலையில் உறுதியாக நின்றார்: ‘மன்துபோ’. தெதெனேர், ஒப்தெனேர், மன்தெனேர், கொன்தெனேர், ஸொஸ்தெனேர், எந்த்ரெதெனேர் எல்லாம் தெனேரின் பிள்ளைகள். தாயைப் போலவே விகுதி ஏற்பவை. ஒன்றைக்கூடத் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை, அவர்களே அடிக்கோடிடுகிறார்கள். பத்திரிகை மெக்சிகோவில் இருந்து வந்ததாக இருந்தால் ‘தெங்கோ த்ரெஸ் ஆன்யோஸ் விவியெந்தோ அகீ’ என்று யாராவது பேட்டியில் சொல்லியிருப்பார்: மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன். ஸ்பெயினில் அதே இடத்தில் ‘யேவோ’ என்பார்கள். அதையும் அடிக்கோடிட்டுவிட்டு, அடுத்த வினைக்குப் பக்கத்தைத் திருப்புவோம்: போனேர், வைத்தல். போங்கோ, போந்த்ரே என்று அது தொடங்கும்போது யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை.